பசித்திருந்த ஒன்பது பாத்திகள்

ஜேடர்பாளையம் தடுப்பணையில் தயங்கி நின்று, ராஜவாய்க்காலில் தவழ்ந்து இறங்கி, எங்கள் நெல் ஆய்வுப் பண்ணையின் வரப்போரம் வளைந்தோடும் காவிரி நீரே சாட்சியாக, முப்பத்து மூன்று ஆண்டுகள் முழங்கால் சேற்றில் முகம் சுளிக்காமல் நின்ற முன்னோடியே! நெல்மணிக்குள் ஒளிந்திருக்கும் இரும்பையும் துத்தநாகத்தையும் நினைவிலும் கனவிலும் நிறுத்துப் பார்த்த நுண்ணறிவாளரே! கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் குணநலச் செல்வியே! முதுநிலை ஆய்வாளர் திருமதி சாரதாமணி அம்மையார் அவர்களே! பங்குனி வெயில் பளிச்சிடும் இந்தப் பணிநிறைவு நாளில், பண்ணைப் பணியாளர்களாகிய நாங்கள் பணிந்தளிக்கும் பாராட்டு மடல் இது.

இதுவரை எழுதியது முறைக்காக. இதே முறையில் இன்னும் நான்கு வரி போனால் தாங்கள் எழுந்து, "போதும், சோறு ஆறிப்போகும்" என்று நடையைக் கட்டிவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா? அதற்குப் பண்ணை மேற்பார்வையாளர் காளியப்பன் ஒரு வழி சொன்னார். "மேடத்த நேராப் பாத்துப் புகழ்ந்தா உக்கார மாட்டாங்க. வேற ஆரோ ஒருத்தரப் பத்திக் கதை சொல்றாப்பல சொல்லிப்போடுங்க. கதைன்னா கேப்பாங்க." ஆகவே இம்மடலின் நடுவில் தாங்கள் 'அவர்' ஆகிறீர்கள். அவர் மனத்தில் ஓடியதையும் துணிந்து எழுதியிருக்கிறோம். பாதி, தேநீர் வேளைகளில் தாங்களே வாய்தவறிச் சொன்னது. மீதி, தங்கள் முகத்தைப் பார்த்தே நாங்கள் தெரிந்துகொண்டது. பிசகு இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு திட்டலாம்.

அவர் மல்லசமுத்திரத்துக்காரர். சோளமும் நிலக்கடலையும் வானம் பார்த்து விளையும் காட்டில் பிறந்தவர். நெல் வயலை முதன்முதலில் கண்டது ஏழு வயதில், பேருந்துச் சன்னல் வழியாக. காவிரிக்கரை நெருங்க நெருங்கச் சன்னல் முழுக்கப் பச்சை வந்து நிறைந்ததாம். பச்சை என்பது ஏதோ ஓர் ஊரின் பெயர் என்றும், பேருந்து அங்கே நிற்கும் என்றும் அவர் காத்திருந்தாராம். பேருந்து நிற்கவில்லை. பிற்பாடு படித்துப் பட்டம் பெற்று, அந்த ஊரிலேயே வேலைக்கு வந்துவிட்டார்.

வந்த நாள்முதல் அவருக்கு ஒரு பழக்கம். கதிர் வெளிவந்த பருவத்தில், காலை பத்து மணி வாக்கில் நெல் பூக்கும். உமி மெல்லத் திறந்து, வெள்ளை மகரந்தப்பை வெளியே தொங்கும். ஒரு மணிநேரம் போனால் மூடிக்கொள்ளும். அந்த ஒரு மணிநேரம் அவர் வரப்பில் அரைக்கண் மூடி நிற்பார். லேசாக ஒரு வாசம் வரும், பச்சை அரிசி மாவு வாசம். யார் பேசினாலும் காதில் விழாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், "மேடம் நின்னுக்கிட்டே தூங்கறாங்க" என்று காளியப்பனிடம் போய்ச் சொல்வார்கள். அப்போதுதான் அவர் முழுக்க விழித்திருக்கிறார் என்பது காளியப்பனுக்கு மட்டும் தெரியும்.

இந்தக் கதை தொடங்கியது அப்படி ஒரு பூக்கும் வேளையில்தான். களையெடுத்துக்கொண்டிருந்த செல்லாயி, நின்ற வாக்கிலேயே சரிந்து சேற்றில் விழுந்தார். செல்லாயி எங்கள் நடவுப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் மூத்தவர். செல்லாயி கைபட்ட நாற்று சாய்ந்ததை யாரும் பார்த்ததில்லை. பண்ணை வண்டியிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நம் கதையின் 'அவரும்' கூடவே போனார். ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். திரும்பி வரும்போது வண்டியில் செல்லாயி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்கம்மா, மூணு வேளையும் சோறுதானுங்க திங்கறேன். வகுறு நெறயத்தான் திங்கறேன். பொறவு எப்படிங்க ரத்தம் கொறயும்?"

அவருக்குப் பதில் தெரியும். கீரை இல்லை, பருப்பு இல்லை, முட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில் முட்டை இல்லை, வெறும் வெள்ளைச் சோறு. புத்தகத்தில் இருக்கும் பதில் இது. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. சோறு இவ்வளவு தின்னும் ஊரில், அந்தச் சோற்றிலேயே இன்னும் கொஞ்சம் சத்து இருந்தால் ஆகாதா என்ற எண்ணம் வண்டியின் ஆட்டத்தோடு ஆடி அவருக்குள் உட்கார்ந்துகொண்டது. எந்த நெல் ரகம், எவ்வளவு தழைச்சத்து, அதாவது நம் ஊர் வழக்கில் எவ்வளவு யூரியா, இவை அரிசிக்குள் சேரும் இரும்பையும் துத்தநாகத்தையும் எப்படி மாற்றுகின்றன? அடுத்த சம்பாவுக்கே சோதனை வயல் போட்டார்.

மூன்று ரகங்கள். கடைகளில் எல்லோரும் வாங்கும் வெள்ளைச் சன்னம் ஒன்று. கெங்கவல்லிப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் கைவிடாமல் வைத்திருந்த சிவப்பு நெல் ஒன்று. சத்து கூடுதலாக இருக்கட்டும் என்றே ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய புது நெல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவு தழைச்சத்து: ஒன்றுமே இல்லை, அரை அளவு, முழு அளவு, ஒன்றரை அளவு. ஒவ்வொன்றும் மூன்று இடத்தில். ஆக முப்பத்தாறு பாத்திகள், ஒவ்வொன்றும் அரை சென்ட். அவற்றுள் ஒன்பதுக்குத் தழைச்சத்தே கிடையாது. அந்த ஒன்பதும் பட்டினி கிடந்தால்தான் மற்றவை தின்றதன் பலன் தெரியும்.

இங்கேதான் அவருடைய பழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. மற்ற பண்ணைகளில் பாத்திக்கு எண் போடுவார்கள். அவர் பெயர் போடுவார். நட்டவளின் பெயர், அது தீர்ந்தால் நட்டவள் விரும்பும் பெயர். எண் போட்ட பாத்தியில் களை நிற்கும், பெயர் போட்ட பாத்தியில் நிற்காது என்பது அவர் கண்டறிந்த உண்மை. அதோடு, 'கந்தம்மாள்' என்று எழுதிய அரிசிப் பொட்டலத்தைப் பார்த்து அதில் எவ்வளவு உரம் என்று ஆய்வகத்தில் யாரும் ஊகிக்க முடியாது. அளப்பவர் மனம் ஒரு பக்கமாகச் சாயாது. கெட்டிக்கார ஏற்பாடு. சீட்டுக் குலுக்கியபோது செல்லாயியின் பெயர் ஒரு பட்டினிப் பாத்திக்குப் போயிற்று. இன்னும் எட்டுப் பெண்களின் பெயர்கள் மற்ற எட்டுக்கும் போயின.

முதல் ஆண்டு அந்த ஒன்பதும் வெளிறின. சுற்றிலும் கரும்பச்சை, நடுவே நடுவே மஞ்சள். வெயில் சாயும் நேரத்தில் அவை மட்டும் விளக்கு வைத்தது போலத் தெரியும். விளைச்சல் பாதி. அரிசியில் துத்தநாகமும் குறைவு, இரும்பும் குறைவு. எதிர்பார்த்ததுதான்.

இரண்டாம் ஆண்டு அந்த ஒன்பதும் பச்சையாக நின்றன.

அவர் வரப்பில் நின்று நின்று பார்த்தார். மூன்றாம் ஆண்டும் பச்சை. அறுத்து, உமி நீக்கி, ஆய்வகத்தில் இளம் ஆய்வாளர் அறிவுச்செல்வி அளந்து பார்த்தால், யூரியாவே காணாத பாத்தியிலும் முழு அளவு தின்ற பாத்திக்குச் சமமாகச் சத்து இருக்கிறது! ரகத்துக்கு ரகம் மாறுகிறது, உரம் போட்டதற்கும் போடாததற்கும் மாறவே இல்லை. அரை அளவுப் பாத்தி மட்டும் கொஞ்சம் இறங்கியதை அளவைப் பிசகு என்று அவர் ஒதுக்கிவிட்டார். முதல் ஆண்டு மழை குறைவு, அதனால் வெளிறியது, ராஜவாய்க்கால் வண்டலிலேயே வேண்டிய தழைச்சத்து இருக்கிறது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை அவர் நம்பியது எங்களுக்கு வியப்பில்லை. மண்ணிடம் ஒன்றும் கேட்காமல், மூட்டை மூட்டையாய் எதையும் கொட்டாமல், நல்ல ரகத்தை மட்டும் நட்டாலே செல்லாயியின் தட்டில் சத்துள்ள சோறு விழும் என்பது எவ்வளவு அழகான கனவு! அழகாக இருந்ததாலேயே அதைத் தட்டிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் நடந்த நடையே வேறு. கால் தரையில் படாமல் வரப்பில் மிதந்து போனார் என்று காளியப்பன் இன்றும் சொல்வார்.

பேச்சு வெளியே பரவியது. நாமக்கல்லில் விவசாயிகள் கூட்டம், அதில் அவர் முடிவை அறிவிக்க வேண்டும் என்று ஏற்பாடானது. நான்காம் ஆண்டுப் பயிர் தூர்கட்டி நின்ற கார்த்திகை மாதம். கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள். மேடையில் காட்டுவதற்கு அந்த ஒன்பது பாத்திகளையும் பனியோடு படம் பிடிக்க ஆசைப்பட்டு, விடிந்ததும் விடியாததுமாகப் பண்ணைக்கு வந்தார். மூடுபனியில் வாய்க்கால் தெரியவில்லை, வரப்பும் பாதிதான் தெரிந்தது. தண்ணீர் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. அதன் நடுவே ஒரு குரல், குழந்தைக்குச் சோறூட்டும் குரல்.

"குடி சாமி. குடிச்சுப்போடு. அவ்வளவுதான், இன்னும் ஒரு வாய்."

அவர் கிட்டே போனார். பனிக்குள் செல்லாயி குனிந்து நின்றார். கையில் போசிப் பாத்திரம். அதிலிருந்து பழுப்பாக ஏதோ ஒன்றைத் தூருக்குத் தூர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன செல்லாயி, என்ன ஊத்தற?"

செல்லாயி திடுக்கிட்டாலும் போசியை மறைக்கவில்லை. "கடலைப் புண்ணாக்குங்கம்மா. ஊறவெச்சுக் கரைச்சது."

"எதுக்கு?"

"என்ற பேரு வெச்ச பாத்திங்க இது. மொத வருசம் காமாலை வந்தாப்பல மஞ்சளாக் கெடந்துச்சுங்க. எல்லாத்துக்கும் ஒரம் போட்டீங்க, இதுக்கு மட்டும் போடலீங்க. மறந்துபோட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டா உங்களுக்குச் சங்கட்டமாப் போயிருமுங்களே. அதான் நாங்களே பாத்துக்கிட்டமுங்க."

"நாங்கன்னா?"

"ஒம்பது பேருமுங்க. அவங்கவங்க பேரு வெச்சதுக்கு அவங்கவங்க. ஊட்டுல எருமைக்கு வெக்கறதுல ஆளுக்கு ஒரு கை எடுத்து வெப்பமுங்க. ரெண்டு போகம் முழுசா ஊத்தியாச்சு, இது மூணாவதுங்க. பாருங்க, எப்படித் தெளிஞ்சு நிக்குதுன்னு."

செல்லாயியின் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த நம் அவரோ அந்தப் பனி ஈரத்தில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அரை சென்ட் பாத்தி. முழு அளவு தழைச்சத்துக்கு ஒரு போகத்துக்கு மூன்று கிலோ புண்ணாக்கு போதும். அவர்கள் நான்கு ஊற்றியிருப்பார்கள், பாசத்துக்கு அளவு ஏது? இரண்டு ஆண்டு முடிவு போயிற்று, மூன்றாவதும் போயிற்று. மிதந்த கால் தரைக்கு வந்தது. சிரிப்பு வந்தது, அது முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது.

செல்லாயி போசியை வைத்துவிட்டு ஓடிவந்து தோளைப் பிடித்தார். "ஏஞ்சாமி, உங்களுக்கும் ரத்தங் கொறஞ்சு போச்சுங்களா?"

அன்று மாலை அவர் ராஜவாய்க்கால் கரையில் தனியாக நடந்தார். அதற்குள் தலைமையகத்துப் பெரியவர் ஒருவரிடம் நடந்ததைத் தொலைபேசியில் சொல்லியிருந்தார், அவரும் பதில் சொல்லிவிட்டார். பெயர் எதற்கு, அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். "ஒரு வாளிப் புண்ணாக்குத் தண்ணி என்னம்மா செஞ்சிரும்? மூணு வருஷ முடிவைக் குப்பையில போடுவாங்களா? வாசிச்சிருங்க. அடுத்த துறைத் தலைமை நீங்கதான்னு பேச்சு." நம் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். நினைத்தால் வாசித்திருக்கலாம். அந்தப் பெரியவரை விட்டால், புண்ணாக்கு விஷயம் தெரிந்தவர்கள் ஒன்பது பெண்களும், அன்று காலை அவர் சொல்லிக் கேட்ட காளியப்பனும்தான். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். தண்ணீரில் சாயங்கால வெளிச்சம் உடைந்து உடைந்து போனது. அந்த மூன்று ஆண்டுப் பச்சையும் அதோடு சேர்ந்து போவது போல அவருக்குத் தோன்றியதாம்.

எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்புசாமி வந்தார். வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல் வைத்திருப்பவர்.

"வணக்கமுங்க மேடம். யூரியாவே வேண்டாமுன்னு நீங்க கூட்டத்துல சொல்லப்போறதாப் பேச்சுங்க. நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும். நான் அடுத்த நடவுக்கு ஒரு மூட்டையும் வாங்கறதில்லீங்க."

 ஒரு மூட்டையும் போடாத மூன்று ஏக்கர் அவர் கண்முன் விரிந்தது. முழுக்க மஞ்சள். ஊற்றுவதற்கு அங்கே செல்லாயி இல்லை. பாதி விளைச்சலை அறுத்து, இருந்த சத்தும் குறைந்த அரிசியை அப்புசாமி தன் வீட்டுக்கு மூட்டை கட்டுவார், இவர் சொன்ன சொல்லை நம்பி.

"கூட்டத்துக்குக் கட்டாயம் வாங்க," என்றார் அவர்.

நாமக்கல் கூட்டத்தில் அவர் பேசியது ஆறு நிமிடம். படம் எதுவும் காட்டவில்லை. "தழைச்சத்து வேண்டாம்னு நான் நினைச்சது தப்பு. பட்டினி போட்டதா நான் நம்பின பாத்திகள் பட்டினி கிடக்கலை. அதுக்கு வேற யாரும் காரணம் இல்லை. எதுக்காகப் பட்டினி போடறேன்னு அந்தப் பாத்தியை நட்டவங்ககிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லலை. வேலை வாங்கினேன், பேர் வெச்சேன், விஷயத்தைச் சொல்லலை. தப்பு என்னோடது." செல்லாயியின் பெயரை அவர் சொல்லவில்லை. மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து போனார். கூட்டம் கலைந்த பிறகு அப்புசாமி மட்டும் வந்தார்.

"அப்ப யூரியா போடறதா, வேண்டாமாங்க?"

"எப்பவும் போடற அளவைப் போடுங்க. எவ்வளவு போட்டா அரிசியில சத்து கூடும், எதுக்கு மேல போட்டா வீண்னு ரெண்டு சம்பா பாத்துட்டுச் சொல்றேன்."

"அதுக்குள்ள நீங்க ரிட்டயர்டு ஆயிருவீங்களே?"

"அதுக்குள்ள சொல்லிருவேன் அப்புசாமி."

துறைத் தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. அவர் முதுநிலை ஆய்வாளராகவே இருந்தார். அதைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. கண்ணாடியை மட்டும் அந்த மாதம் கொஞ்சம் அதிகமாகத் துடைத்தார்.

மண்ணுக்குள் போன புண்ணாக்கு மறுநாளே போய்விடாது என்பதால், சோதனை வடக்கு வயலுக்கு மாறியது. நடவுக்கு முதல்நாள் பன்னிரண்டு பெண்களையும் களத்தில் உட்காரவைத்து, ஒரு முழு முற்பகல் பேசினார். அரிசிக்குள் இரும்பு எங்கே இருக்கிறது, துத்தநாகம் எங்கே இருக்கிறது, தீட்டத் தீட்ட எது போகிறது, பட்டினிப் பாத்தி ஏன் பட்டினி கிடக்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னார். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் செல்லாயி எழுந்தார்.

"புரிஞ்சுதுங்கம்மா. ஆனா பேரு வெச்ச பாத்தி கண்ணு முன்னால காயறதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க எங்களால ஆகாதுங்க. அந்த ஒம்பதுக்கும் நம்பரு போட்டுருங்க."

அவர் யோசித்தார். எண் போட்டால் களை நிற்கும். களை நின்றால் இருக்கிற கொஞ்சச் சத்தையும் அது தின்றுவிடும். கணக்கு மறுபடியும் கெட்டுப்போகும். பெயர் வேண்டும், ஆனால் யாருடைய பெயர்? பிறகு காளியப்பனிடமிருந்து பெயிண்டை வாங்கி, ஒன்பது தகட்டிலும் தன் கையாலேயே எழுதினார். சாரதாமணி ஒன்று, சாரதாமணி இரண்டு, ஒன்பது வரைக்கும்.

அந்த இரண்டு சம்பாவும் எங்கள் பண்ணையில் யாருக்கும் நிம்மதியில்லை. சுற்றிலும் கந்தம்மாளும் மாரியாயியும் பொன்னாயியும் செழித்து நிற்க, ஒன்பது சாரதாமணிகளும் மஞ்சளாகக் கிடந்தன. பெண்கள் அவற்றை ஒரு களை இல்லாமல் வைத்திருந்தார்கள், ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. செல்லாயி அந்த வரப்பில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் மாரியாயி, "அம்மா பேருல பாத்தி இப்படிக் காயுதே அக்கா," என்றபோது செல்லாயி அதட்டினார். "அம்மா சொல்லிட்டாங்கல்ல? கை வெக்கப்படாது. பாக்க முடியலீன்னா அக்கட்டப் பாத்துக்கிட்டுப் போ." அவரோ பூக்கும் வேளையில் தன் பெயர் எழுதிய பாத்திகளுக்கு நடுவே அரைக்கண் மூடி நின்றார். பசித்த பயிரும் பூக்கத்தான் செய்தது. வாசமும் அதேதான்.

தை மாதம் கடைசி அறுவடை முடிந்தது. மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின. பங்குனியும் வந்துவிட்டது, முடிவு வரவில்லை.

அம்மையார் அவர்களே! இனித் தாங்கள் 'அவர்' இல்லை. சற்று நிமிர்ந்து உட்காருங்கள்.

நேற்று மாலை மட்டும் மூன்று முறை ஆய்வக வாசலுக்கு வந்து கேட்டீர்கள். மூன்று முறையும் அறிவுச்செல்வி, "மெஷின் ரிப்பேர் மேடம்" என்றார். அது பொய். முடிவு வந்து நான்கு நாளாகிறது. இந்த மேடையில், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்புசாமி காதில் விழும்படி, அதை வாசிக்க வேண்டும் என்றே மறைத்து வைத்தோம். நேர்மையே உருவான தங்களிடம் நாங்கள் சொன்ன ஒரே பொய் இதுதான், மன்னிக்க வேண்டுகிறோம்.

முடிவு இதுதான். இரண்டு ஆண்டும் அந்தந்த ரகத்துக்குள் ஒன்பது சாரதாமணிகளும்தான் கடைசி. வெள்ளைச் சன்னத்தில், பட்டினிப் பாத்தியின் தீட்டாத அரிசி ஒரு கிலோவுக்குத் துத்தநாகம் பதினேழு மில்லிகிராம், அரை அளவுக்குப் பத்தொன்பது, முழு அளவுக்கு இருபத்தொன்று. ஒன்றரை அளவுக்கும் அதே இருபத்தொன்று. கூடுதலாகக் கொட்டியது அரிசிக்குள் போகவில்லை, பயிரைச் சாய்த்ததுதான் மிச்சம். கெங்கவல்லிச் சிவப்பு நெல் பட்டினியிலேயே இருபத்தைந்து, முழு அளவில் முப்பது. புது நெல் பட்டினியில் இருபத்தேழு, முழு அளவில் முப்பத்திரண்டு. இரும்பும் இதே வழியில்தான் போகிறது, ஆனால் தீட்டினால் அதில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. ஆக, எங்கள் மண்ணில், இந்த மூன்று ரகங்களில், ரகம் பெரிது, உரம் அதற்கு அடுத்தது, முழு அளவுக்கு மேல் போட்டால் வீண். அப்புசாமி அவர்களே, கேட்டுக்கொண்டீர்களா? ஓய்வு பெறுவதற்கு ஏழு மணிநேரம் இருக்கும்போது அம்மையார் தம் சொல்லைக் காப்பாற்றிவிட்டார்!

தங்கள் பழைய கனவு முழுக்கப் பொய்த்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். பட்டினி கிடந்த சிவப்பு நெல்கூட, வயிறு நிறையத் தின்ற வெள்ளைச் சன்னத்தைவிட மேலே நிற்கிறது. தாங்கள் கண்ட கனவில் பாதி உண்மையாகிவிட்டது. அந்தப் பாதியைக் கணக்குச் சுத்தமாக எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். செல்லாயியின் கேள்விக்குச் சோறு மட்டுமே பதிலாகாது என்பதையும், மாத்திரையும் கீரையும் முட்டையும் கூடவே வேண்டும் என்பதையும் தாங்களே எங்களுக்குச் சொன்னீர்கள். செல்லாயி மாத்திரையை விடாமல் தின்கிறார். இன்றைய விருந்தில் தங்கள் இலையில் விழப்போவது வடக்கு வயலின் சிவப்பு அரிசிச் சோறு, அதிகம் தீட்டாதது. எல்லோருக்கும் ஒரு முட்டையும் உண்டு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வடக்கு வயலில் அறுத்த தாள் மறுபடியும் துளிர்த்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதால் ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. முடிவு வந்த அன்று செல்லாயி ஆய்வக வாசலுக்கு வந்து, அறிவுச்செல்வியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அளந்து முடிஞ்சுதுங்களா கண்ணு? இனி ஒண்ணும் பாக்கறதுக்கு இல்லீங்களா?" இல்லை என்றார் அறிவுச்செல்வி. செல்லாயி தலையாட்டிவிட்டுப் போனார்.

இன்று காலை, தாங்கள் பட்டுச்சேலை உடுத்தி இந்தப் பந்தலுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், பன்னிரண்டு பெண்களும் வடக்கு வயலில் இருந்தார்கள். ஆளுக்கொரு போசி. சாரதாமணி ஒன்றிலிருந்து சாரதாமணி ஒன்பது வரைக்கும் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. அவர்கள் ஏன் பந்தலுக்குத் தாமதமாக, கால் சேறோடு வந்தார்கள் என்று முகம் சுளித்த விருந்தினர்களுக்கு இதுவே விளக்கம். இந்த மடலில் தன் பங்குக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று செல்லாயி சொன்னார். சொன்னபடியே எழுதுகிறோம்:

"அம்மா ரெண்டு வருசம் பட்டினி கெடந்தது போதும். இனி நாங்க பாத்துக்கறமுங்க."

வாய்க்காலில் நீர் வரும் காலமெல்லாம், நெல் பூக்கும் பத்து மணிகள் எல்லாம் தங்களுக்கு வாய்க்கட்டும்! ரத்தமும் குறையாமல், கண்ணாடியின் பவரும் கூடாமல், அன்புக் கணவரோடும் மக்களோடும் நூறாண்டைத் தாண்டி நிமிர்ந்து நடக்க வாழ்த்துகிறோம்! பசித்திருந்த ஒன்பது பாத்திகளும் ஒரு வாரத்தில் பச்சை பிடித்துவிடும். வந்து பார்த்துவிட்டுப் போங்கள், தகட்டில் தங்கள் பெயரை நாங்கள் அழிக்கப்போவதில்லை.

தங்கள் அன்பை மறவாத,
ஆய்வகத்தார், அலுவலகத்தார், காளியப்பன்,
மற்றும் கால் சேறு காயாத நடவுப் பெண்கள் பன்னிருவர்,
நெல் ஆய்வுப் பண்ணை, ராஜவாய்க்கால் கரை.